பதினேழு ஒன்றுகள்

எனக்குக் காது கேட்கவில்லை என்று சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முன் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு சின்னப் பொய்க்கா இந்தப் பாடு என்று தோன்றும்.

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு முறை வரிசையாக எழுதினால் வரும் எண் அது. 11111111111111111. நம் கணக்கில் நூற்றுப் பதினோரு கோடி கோடிக்குச் சற்று மேல். ஒற்றைப்படை, அதனால் இரண்டால் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, அதனால் மூன்றால் வகுபடாது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதற்கும் அசையாது. ஒன்றுகளின் எண்ணிக்கை பதினைந்தாக இருந்தால் மூன்று மூன்றாகப் பிரித்து 111-ஆல் வகுத்துவிடலாம். பதினேழைப் பிரிக்க முடியாது. பதினோரு ஒன்றுகள் 21,649-இல் உடைந்துவிடும். பத்தொன்பது ஒன்றுகள் உடையவே உடையாது. நடுவில் நிற்கும் இந்தப் பதினேழுதான் ஆளைப் படுத்துகிற எண்.

என் நண்பருக்கு இது பிடித்திருந்தது. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் கணிதத் துறையில் இருந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஓய்வுக்குப் பிறகு அவர் சொந்த ஊரான அறந்தாங்கிக்குப் போய்விட்டார், நான் புதுக்கோட்டையிலேயே தங்கிவிட்டேன். அவருடைய மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவரும் மருமகளும் மட்டும். மனைவி இறந்து ஆறு மாதம் கழித்து ஒருநாள் போன் செய்து, "சார், ஒரு எண் இருக்கு. கையால ஒடச்சுப் பாப்பமா?" என்று கேட்டார். எனக்கும் அப்போது செய்ய ஒன்றும் இல்லை. பாப்போம் என்றேன்.

முதலில் அது உடையுமா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், இரண்டை அந்த எண்ணைவிட ஒன்று குறைவான தடவை பெருக்கி, வந்ததை அதே எண்ணால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வர வேண்டும். வராவிட்டால் அது பகு எண், உடைந்தே தீரும். எங்கே உடையும் என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. பதினேழு இலக்க எண்களை ஐம்பத்துச் சொச்சம் தடவை வர்க்கம் எடுத்து வகுத்துக்கொண்டே போக வேண்டும். அவர் தனியாகப் போட்டார், நான் தனியாகப் போட்டேன். பல வாரம் ஆயிற்று. கடைசியில் இருவருக்கும் ஒரே மீதி வந்தது. அது ஒன்று இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டுக்குப் பதிலாகப் பத்தை வைத்து இதே சோதனையைச் செய்தால் இந்த எண் ஏமாற்றிவிடும். மீதி ஒன்று என்றே வரும், பகா எண் மாதிரி. பத்துகளை அடுக்கிச் செய்த எண் அல்லவா, பத்து அதற்கு வேண்டப்பட்ட சாட்சி. "வேண்டியவனைச் சாட்சிக்குக் கூப்புட்டா இப்புடித்தான் சார்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உடையும் என்று தெரிந்துவிட்டது. இனி எங்கே என்று தேட வேண்டும். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அது முப்பத்து நான்கின் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். பதினேழு ஒன்றுகள் என்பதால் பதினேழின் மடங்கு, ஒற்றைப்படை எண் என்பதால் அதன் இரட்டிப்பு. அப்படிக் கிடைக்கும் எண்களிலும் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தே பாதியைக் கழித்துவிட ஒரு வழி உண்டு. மிஞ்சியவற்றில் பகா எண்களை மட்டும் சலித்தெடுத்து, ஒவ்வொன்றாலும் அந்தப் பதினேழு ஒன்றுகளை வகுக்க வேண்டும். மீதி பூஜ்யம் வந்தால் முடிந்தது.

சலிப்பது அவர் வேலை. வகுப்பது இருவர் வேலையும். முதல் நாளே அடுத்த நாளுக்கான நாலைந்து எண்களைப் போனில் சொல்லிவிடுவார். அவர் அங்கே வகுப்பார், நான் இங்கே வகுப்பேன். காலை ஏழரைக்கு அவர் கூப்பிடுவார். ஒவ்வொரு மீதியிலும் முதல் பாதி இலக்கங்களை அவர் சொல்லி நிறுத்துவார். பின் பாதியை நான் சொல்ல வேண்டும். பொருந்தினால் இருவரும் "சரி". அவர் ஏற்படுத்திய முறை இது. "ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் தலையாட்டுனா அதுக்கு ரெண்டு பேரு எதுக்கு?" என்பார். சரி பார்த்த தாள்களை வைத்துக்கொள்வதும் இல்லை. மாதக் காலண்டரின் பின்பக்கத்தில்தான் போடுவார். மருமகள் அவற்றை அடுக்களை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிடுவார்.

போனில் தட்டினால் விடை வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. பார்ப்பதில்லை என்பது ஒப்பந்தம். ஒருமுறை நான் அங்கே போயிருந்தபோது மகன் வீடியோவில் வந்தான்.

"இன்னுமாப்பா அதப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? ஒரு செகண்ட்ல வந்துரும்ப்பா. நான் பாத்துச் சொல்லட்டா?"

"ஒரு செகண்ட்ல வந்துருச்சுன்னா மிச்ச நாளெல்லாம் நான் என்னடா பண்றது? நீ ஒன் வேலையப் பாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லிப்புடுவான் சார், படுபாவி" என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

நாலு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் என்று விட்ட நாட்கள் போக மற்ற நாளெல்லாம் வகுத்தோம். ஆயிரங்கள் போய் லட்சங்கள் வந்தன. எங்கள் மீதிகள் எப்போதாவது பொருந்தாமல் போகும். திரும்பப் போட்டால் தப்பு பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். ஆகவே அவர் தப்பு விடமாட்டார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை வளர்ந்திருந்தது. பின்னால் இதையே எனக்கு ஒரு சமாதானமாக வைத்துக்கொண்டேன்.

வகுஎண் பத்தொன்பது லட்சத்தைத் தாண்டிய சமயம். ஒருநாள் காலையில் நான் வகுக்காமலே மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். மறதிதான். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஏழரை ஆகிவிட்டது, போன் அடித்தது. முதல் மூன்று இலக்கத்தைச் சொல்லி நிறுத்தினார். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கேக்கலையே சார்" என்றேன்.

அவர் மீதி முழுவதையும் உரக்கச் சொன்னார்.

"ஆமா, அதான். சரி" என்றேன்.

நாலு எண்ணுக்கும் அப்படியே சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். போடவில்லை. மறுநாள் எதுவும் ஆகிவிடவில்லை.

அதற்கடுத்த வாரம் நானே சொன்னேன், எனக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, பாதிப் பாதியாகச் சொன்னால் பிடிபடவில்லை, முழு மீதியையும் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் என் தாளோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன சார், வயசாகுதுல்ல" என்றார். அன்றிலிருந்து போனில் கத்த ஆரம்பித்தார். என் முன்னால் தாள் எதுவும் இருக்காது. காபி இருக்கும். அவர் கத்தும் இலக்கங்களைக் கேட்டுக்கொண்டே குடிப்பேன். கத்தி முடித்ததும் "சரி" என்பேன்.

என் மனைவி ஒருநாள், "காது கேக்கலைன்னு அவருகிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க? எதிர்வீட்டுக்காரி மெதுவாப் பேசுறதெல்லாம் நல்லாத்தானே கேக்குது?" என்றாள். அவள் வேடிக்கையாகச் சொன்னதுதான். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மனைவிக்கு மூட்டுவலி, வீட்டு வேலை கூடிவிட்டது என்று சொல்லலாம். அது காரணமில்லை. அலுப்பு, அவ்வளவுதான். பூஜ்யம் வராது என்று தெரிந்தே ஒன்றை வகுப்பதில் ஓர் அலுப்பு உண்டு. தினமும் வகுத்துத் தினமும் ஏதோ ஒரு மீதி. அந்த மீதிக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. பூஜ்யம் இல்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அப்படியென்றால் போதவில்லை என்று சொல்லி விலகியிருக்கலாம். விலகினால் காலை ஏழரை மணிக்கு எனக்கும் யாரும் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். சர்க்கரை. "கண்ணுக்குள்ள கொசு பறக்குற மாதிரி இருக்கு சார்" என்று அவரே சொல்லியிருந்தார். எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒவ்வோர் இலக்கமும் எழுதி, ஒரு வகுத்தலுக்கு ஒரு தாள் என்று போட்டுக்கொண்டிருந்தார். அவர் தப்பு விடக்கூடிய காலம் வந்துவிட்டது என்பது எந்த மடையனுக்கும் தெரியும். ஒத்துப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டியிருந்ததே அப்போதுதான். நான் அப்போதுதான் விட்டேன்.

சில மாதம் போயிற்று. எண் இருபத்து மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒருநாள் அவருடைய மருமகள் அவருக்குத் தெரியாமல் எனக்குப் போன் செய்து பேசினார். மதுரையில் கண் டாக்டர் திட்டினாராம். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், இடது கண் ஏற்கனவே முக்கால்வாசி போய்விட்டது, வலது கண்ணையாவது காப்பாற்றலாம் என்றாராம். ஊசி போட்டால் சில நாள் படிக்க எழுத முடியாது என்பதால் இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்.

"நீங்க சொன்னாக் கேப்பாங்கய்யா. அந்த எண்ணு கெடைக்காம நான் கண்ண மூட மாட்டேங்குறாங்க. ஊசிக்குங்கூட."

அறந்தாங்கிக்குப் போனேன். சொன்னேன். அவர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "சரி சார், ஒரு எல்ல வச்சுக்குவோம்" என்றார். "இருபத்தஞ்சு லட்சம். அது வரைக்கும் வரலைன்னா நிறுத்திருவோம். இருபத்தஞ்சுக்குக் கீழ இதுக்குக் காரணி கெடயாதுன்னு நம்ம ரெண்டு பேரும் சேந்து நிரூபிச்ச மாதிரி ஆச்சு. அதுவும் ஒரு விடைதானே? அதுக்கப்புறம் ஊசி போடட்டும், என்ன வேணாப் போடட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். ஒப்பந்தத்தை மீறுகிறோம் என்று தெரியும். ஆனால் அவருடைய கண்ணுக்காக என்று சொல்லிக்கொண்டேன். காரணி இருபத்தைந்து லட்சத்துக்குள் இருந்தால் அவரைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம். கோடியில் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லலாம். அவ்வளவுதான் என் எண்ணம். பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை. தட்டினேன், வந்தது.

20,71,723.

முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அட, சின்ன எண்தானே என்று. அது அடங்குவதற்குள் கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். காசு கொடுக்கும்போதுதான் உறைத்தது. இருபது லட்சத்தை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம். அந்த எண்ணை அவர் சலித்தெடுத்திருப்பார். எனக்கு முதல் நாளே கத்திச் சொல்லியிருப்பார். மங்கின கண்ணோடு வகுத்திருப்பார், எங்கேயோ ஓர் இலக்கத்தைத் தப்பாகப் பார்த்திருப்பார், ஏதோ ஒரு மீதி வந்திருக்கும். காலை ஏழரைக்கு அதைக் கத்தியிருப்பார். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு "சரி" என்று சொல்லியிருப்பேன்.

அது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. மற்ற நாட்களைப் போலவே அதுவும் ஒரு நாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடச் சரியாக விடாமல் ஒரு தாள் எடுத்து வகுத்தேன். பல மாதத்துக்குப் பிறகு நான் போட்ட முதல் வகுத்தல். ஈவில் பத்து இலக்கம். ஐந்து, மூன்று, ஆறு என்று இறங்கி வந்தது. கடைசிப் படியில் மேலேயும் 14502061, கீழேயும் 14502061. கழித்தால் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷமாக நாங்கள் எதிர்பார்த்திருந்த பூஜ்யம் என் தாளில் தனியாகக் கிடந்தது.

அப்போதும் உண்மையைச் சொல்லிவிடத் தோன்றவில்லை. தந்திரம்தான் தோன்றியது. மறுநாள் காலையில் அவர் கத்தி முடித்ததும், "சார், ஒரு யோசன. இருபது லட்சத்துலேருந்து திரும்ப ஒரு தடவ பாத்துருவமா? எதுக்கும் ஒரு உறுதிக்கு" என்றேன்.

"எதுக்குங்க? என் கண்ண நம்பலையா?"

"அதில்ல சார்…"

"என் கண்ண நானே நம்பல. ஒங்களத்தான் நம்புறேன்." சிரித்தார். "ஒருத்தன் போட்டாத் தப்பு வரும். ரெண்டு பேரு தனித்தனியாப் போட்டு ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு ஏழு இலக்கத்துலயும் ஒண்ணா வருமா? வந்தா அது கணக்கு இல்ல சார். கூட்டுச் சதி."

"சரி" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி நாக்கே அதற்குப் பழகிவிட்டிருந்தது.

இருபத்தைந்து லட்சம் வரை விட்டுவிட்டால் அவர் நிறுத்திவிடுவார். ஊசி போட்டுக்கொள்வார். இருபத்தைந்துக்குக் கீழே காரணி இல்லை என்ற ஒரு பொய்யை உண்மை என்று நம்பிக்கொண்டு மீதி நாளைக் கழிப்பார். கண்ணுக்கு அது நல்லது. என் மானத்துக்கும் நல்லது. நாலு நாள் இந்த எண்ணத்தோடேயே இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவர் மீதிகளைக் கத்தி முடித்து, "தொண்ட கட்டிப்போச்சு சார் இன்னைக்கு, கேட்டுச்சா?" என்று கேட்டார். எழுபத்தைந்து வயது ஆள். என் பொய்க்காகத் தொண்டை கட்டியிருக்கிறது. "நான் நேரா வாரேன் சார்" என்று போனை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் சாப்பாட்டு மேசையில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். தாள் மேல் லென்ஸ், லென்ஸுக்கு மேல் மூக்கு. "வாங்க சார், உக்காருங்க" என்று பழக்கத்தில் கத்தினார்.

"கத்தாதீங்க சார். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றேன்.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வகுக்காமல் சரி சொன்னது, போனில் பார்த்தது, அந்த எண்ணை நாங்கள் தாண்டி வந்துவிட்டது. எண் எதுவென்று மட்டும் சொல்லவில்லை. அவர் லென்ஸை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இத்தன மாசமாக் கத்துனது?"

உள்ளேயிருந்து மருமகள், யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், "தெருவே கேட்டுச்சு மாமா" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கேருந்து வகுக்கல?"

"பத்தொம்பது லட்சம் தாண்டுனதுலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாம் போட்டேன் சார். சத்தியமா."

"இப்பச் சத்தியம் பண்றது யாரு? காது கேக்குறவரா, கேக்காதவரா?"

லென்ஸை மேசையில் வைத்துவிட்டு அவரே, "போட்டுருப்பீங்க. அப்பல்லாம் பின் பாதிய நீங்கதான் சொன்னீங்க. போடாமச் சொல்ல முடியாது" என்றார். என் சத்தியத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கை வைத்து என்னை நம்பினார். அதுவரைக்கும் கிடைத்ததே பெரிது.

"சார், எண்ணச் சொல்லிர்றேன். ஒரு தடவ வகுத்துப் பாத்துட்டு நாளைக்கே ஊசி போட்டுக்குங்க."

"சொல்லிறாதீங்க." கையை உயர்த்தினார். "ஒங்களுக்குக் கெடச்சுருச்சு. எனக்குக் கெடைக்கல. பத்தொம்பதுலேருந்து நான் திரும்பப் போடுறேன்."

"நானும் போடுறேன். இந்தத் தடவ ஒழுங்கா…"

"நீங்க எதுக்கு? எது வகுபடும் எது வகுபடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு ஆளு வகுத்தா அது கணக்கா? இனிமே ஒங்க சரிக்கு மதிப்பு இல்ல சார். கோவத்துல சொல்லல. நெசமாவே இல்ல."

உண்மைதான். நான் அந்த வேலைக்கே உதவாதவனாகிவிட்டேன். எழுந்தேன். "கோட்டப்பட்டினத்து மீனு வந்துருக்குய்யா, சாப்ட்டுப் போங்க" என்று மருமகள் வாசல் வரை வந்தார். நண்பர் தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். பேனா அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுக்கலாமா என்று நின்றேன். கொடுக்காமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஏழரை மணிக்குப் போன் வரவில்லை. மருமகள் எப்போதாவது பேசுவார். ஒத்துப் பார்க்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு எண்ணையும் அவரே இரண்டு தடவை போடுகிறாராம், காலையில் ஒரு தடவை, முதல் தாளை மடித்து வைத்துவிட்டு மாலையில் ஒரு தடவை. இரண்டும் பொருந்தினால்தான் அடுத்தது. ஊசியை இன்னும் இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார். எழுதுவதாலோ படிப்பதாலோ விழித்திரை கெடாது, தள்ளிப்போடுவதால்தான் கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகள் இதை என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. நடந்த எதையும் அவர் என்னிடம் குத்திக் காட்டியதில்லை.

நானும் இங்கே வகுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் பயனில்லை என்று தெரியும். பத்தொன்பது லட்சத்திலிருந்து சலித்து, நான் விட்ட ஒவ்வொரு எண்ணையும் வகுத்தேன். வகுபடாது என்று நிச்சயமாகத் தெரிந்த எண்கள். முன்பு அந்த அலுப்பைத் தாங்காமல்தான் பொய் சொன்னேன். இப்போது அதைவிடப் பெரிய அலுப்பு. காபி ஆறிப்போகும் வரை போடுவேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவாள்.

பல வாரம் கழித்து ஒரு காலை, ஏழரைக்குப் போன் அடித்தது.

"மீதி இல்ல" என்றார். கத்தவில்லை. சாதாரணக் குரல்.

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சரின்னு சொல்ல வேண்டாம். நேத்துக் காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ, இப்ப ஒரு தடவ. மூணு தடவயும் இல்ல."

அங்கே ஏதோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஈவு பத்து இலக்கம்" என்றார். "அஞ்சு, மூணு, ஆறு, மூணு, ரெண்டு." அதோடு நிறுத்தினார்.

நிறுத்தியது எதற்கென்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பல மாதத்துக்கு முந்தைய முறை. முதல் பாதி அவருடையது. என் தாள் மேசை டிராயரில் இருந்தது. எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு" என்றேன்.

"காது நல்லாக் கேக்குதே" என்றார்.

பேச்சை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், "அந்த ஈவு மேற்கொண்டு ஒடையுமான்னு பாக்கணுமே சார்" என்றேன். ஐந்நூற்று முப்பத்தாறு கோடி. அதையும் உடைக்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச காலம் ஏழரைக்குப் போன் வரலாம் என்று ஓர் ஆசை.

"பாக்க வேண்டியதில்ல. அது ஒடையணும்னா எழுபத்து மூவாயிரத்துச் சொச்சத்துக்குள்ள ஒரு காரணி இருக்கணும். அதெல்லாம் நாம ஆரம்பத்துலயே போட்டுட்டோம். அப்ப ரெண்டு பேரும் ஒழுங்காப் போட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, "அது பகா எண்ணுதான். அந்த மட்டும் ஒறுதி" என்றார். போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். வலது கண்ணில் பாதியளவு பார்வை நிற்கும் என்கிறார்கள். அவரால் இனி காலண்டர் தாளில் போட முடியாது. மருமகள் அடுக்களை அலமாரிக்கு இப்போது செய்தித்தாள் விரிக்கிறாராம். ஏழரை மணிக்கு நான் போன் பக்கத்திலேயேதான் உட்காருகிறேன். அது அடிப்பதில்லை. நானாகக் கூப்பிடலாம். என்ன எண் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.